ஒரு நாளும் பொறுக்காத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பீரோவின் கீழ்த்தட்டில் மாவு கொட்டிக் கிடந்தது. எலி புகுந்துவிட்டதோ என்று சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். எலி இல்லை, வண்டு. கம்பு நிரப்பி நீங்கள் எனக்குத் தைத்துக் கொடுத்த துணிப்பையைத் துளைத்து, உள்ளே குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. கையில் எடுத்ததும் பாதிக் கம்பு தரையில் கொட்டிவிட்டது. பழைய தானியத்தின் மக்கிய வாடை குப்பென்று வந்தது. கம்பு போட்டால் வண்டு வைக்கும், கேழ்வரகு போடுங்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கேட்டீர்களா? கேழ்வரகு பொடிசு, தையல் இடுக்கில் ஒழுகும் என்று என் வாயை அடைத்துவிட்டீர்கள். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. அதைச் சொல்லிக்காட்ட ஆள் இல்லாததால்தான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பையின் கதை நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது எனக்கு இடது பக்கம் வெறும் தழும்புதான் இருந்தது. ரவிக்கை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. ஆஸ்பத்திரியில் சொன்ன செயற்கை மார்பை வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அது ரப்பர், நம் வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும் என்று சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தீர்கள். பஞ்சுக்கு எடை ஏது? வாசலைத் தாண்டுவதற்குள் தோள்பட்டை வரை ஏறிவிட்டது. நீங்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன். மறுநாள் பூ எடை போடும் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இந்தத் தட்டில் கம்புப் பை, அந்தத் தட்டில் எதை வைப்பது என்ற கேள்வி வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நாம் அடித்த கூத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஆனால் எடை சரியாகத்தான் வந்தது.

நாம் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். வந்த புதிதில் தண்ணீர் முறைக்கும் பூப்பறிக்க ஆள் கூப்பிடுவதற்கும் நாம் போட்ட சண்டைகள் நல்லம்பள்ளி வரை கேட்டிருக்கும். நடுவில் சுவர் வைத்து வீட்டைப் பிரித்த பிறகுதான் நமக்குள் பேச்சே நன்றாக வந்தது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலம். பையன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். ஆகவே நல்லதோ கெட்டதோ, முதலில் உங்களிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அப்படித்தான் சாமந்தித் தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது, சின்ன நெல்லிக்காய் அளவு இருக்கும் என்று. ஏதோ கொசு கடித்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். நீங்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

“வலிக்குதா?”

“வலிக்கலைங்க.”

“நாளைக்கு மொத பஸ்ஸுல சேலம் போறோம்.”

பூ இருக்கிறதே, நாளை முகூர்த்த நாள் ஆயிற்றே என்றேன். பூ செடியிலேயே கிடந்து காயட்டும் என்றீர்கள். மகளிர் குழுவுக்கு வந்த நர்ஸம்மா, வலி இல்லாத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்று சொன்னாராம். அந்தக் கூட்டத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே கொடுத்த டீயும் பிஸ்கட்டும்தான் ஞாபகம் இருந்தது. அடுத்த நாள் காலை நாம் சேலத்தில் இருந்தோம். அந்த வாரமே ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அடுத்த வாரம் புற்று என்று சொன்னார்கள். சீக்கிரம் வந்தீர்கள், காப்பாற்றிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, என்னமோ நீங்களே பரீட்சையில் பாஸானது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

கீமோவுக்குப் போன நாட்களில் தொப்பூர் மலைவளைவில் எனக்கு வாந்தி வரும் என்று ஜன்னலோர சீட்டுக்காக நீங்கள் மல்லுக்கு நிற்காத ஆள் அந்த பஸ்ஸில் இல்லை. சீட்டைப் பிடித்து என்னை உட்கார வைத்துவிட்டு, அடுத்த நிமிஷமே என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவீர்கள். நோயாளி நானா நீங்களா என்று கண்டக்டருக்கே சந்தேகம். இரண்டாவது கீமோ முடிந்ததும் எனக்கு வெறுத்துவிட்டது. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, வாயெல்லாம் புண், தண்ணீர்கூடக் கசந்தது. இனி வர மாட்டேன், செத்தாலும் இங்கேயே சாகிறேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்கள் புத்தி சொல்லவில்லை, அழவும் இல்லை.

“சரி, நீ வராத. குடுத்த தேதிக்கு நா போயி, அவ வரமாட்டாளாம்னு சொல்லிட்டு வரேன். மரியாதின்னு ஒண்ணு இருக்குதில்ல?”

அந்தத் தேதி வந்ததும் என் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே கிளம்பிவிட்டீர்கள். எந்த பஸ் என்றுகூடச் சரியாகப் பார்க்காமல் ஏறுகிற ஆள் நீங்கள். தனியாகப் போய் எங்கே இறங்குவீர்களோ என்று பயந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஓடிவந்தேன். அங்கே புளியமரத்தடியில் எனக்கும் சேர்த்து இடம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு கீமோகூட நான் தவறவிடவில்லை.

நோயைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறு ஒன்று. அதை உங்களிடம்கூட நான் சரியாகச் சொன்னதில்லை. மருந்தெல்லாம் முடிந்து, முடி விரற்கடை அளவு வளர்ந்திருந்த சமயம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம். பங்காளிகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பந்தியில் உட்காரப் போனபோது நம் நாத்தனார் சரோஜா என் இலையை மட்டும் எடுத்து வரிசையின் கடைசியில், இரண்டு ஆள் இடம் விட்டுப் போட்டாள். குழந்தைகள் இருக்கிறார்கள், எதற்கு வம்பு என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ஒட்டுவாரொட்டி நோய் என்று ஊரில் பேச்சு ஏற்கெனவே இருந்தது. முகத்துக்கு நேராக நடந்தது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து போய்விடலாம் என்று முந்தானையைச் சரிசெய்தேன்.

நீங்கள் பரிமாறிக்கொண்டிருந்தீர்கள். குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தீர்கள். உங்களுக்கு இலை போட ஒரு பையன் வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். நான் பிசைந்து வைத்திருந்த சோற்றில் கை வைத்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டீர்கள். பெற்ற பிள்ளையின் எச்சில் இலையில் சாப்பிடவே யோசிக்கிறவர்கள் நாம். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை, கறி வேகவில்லை என்று மட்டும் குறை சொன்னீர்கள். அன்றோடு அந்தப் பேச்சு அடங்கியது. அதற்குப் பிறகு எல்லா வீட்டு விசேஷத்திலும் எனக்கு நடுப்பந்தியில் இலை விழுந்தது. அந்த ஒரு இலைக்கு நீங்கள் என்ன விலை கொடுக்கப் போகிறீர்கள் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் நான் எழுந்துதான் போயிருப்பேன்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்குப் பரிசோதனை, தினமும் ஒரு மாத்திரை. ஒவ்வொரு முறையும் நீங்கள் கூட வந்தீர்கள். ஒருமுறை டாக்டரம்மாவிடம் நீங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டது ஞாபகம் இருக்கிறது. தோல் சுருங்கினால் என்ன அர்த்தம், அக்குளில் நெறி கட்டினால் என்ன அர்த்தம், கூடவே புழங்குகிறவர்களுக்கு இது வருமா என்றெல்லாம். புழங்குவதால் யாருக்கும் வராது என்று அவர் அடித்துச் சொன்னார். எனக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு கேள்வி எதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நான் இழுத்து வந்தேன் அக்கா.

அடுத்த தையில் உங்களுக்கு இடுப்பு வலி வந்தது. பூக்கூடை தூக்கியதால் வந்த வலி என்றீர்கள். தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். ஒருநாள் காலை படுக்கையை விட்டு எழ முடியவில்லை. உங்கள் மகள் வனிதாவும் நானும் சேர்ந்து தூக்கி, சேலை மாற்றிவிட ரவிக்கையைக் கழற்றியபோதுதான் மார்பில் சுருங்கிக் கிடந்த தோலைப் பார்த்தோம். எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எலும்பு வரை போய்விட்டது என்று சேலத்தில் அதே டாக்டரம்மா சொன்னார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டதற்கு, போன பங்குனியிலிருந்து என்றீர்கள். பதினோரு மாதம். எனக்கு ஒரு நாள் தவணை தராத நீங்கள், உங்களுக்குப் பதினோரு மாதம் கொடுத்துக்கொண்டீர்கள்.

வனிதா மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் கத்திவிட்டேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்தே இப்படிச் செய்ய உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். நீங்கள் என் கையை எடுத்து உங்கள் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டீர்கள்.

“உன்னோட எலைல சாப்ட்டவ நானு. எனக்கும் அதே வந்துச்சின்னா அவளுங்க என்னா சொல்லுவாளுங்க? உங்கிட்டருந்து வந்துச்சின்னுதான் சொல்லுவாளுங்க. அப்பறம் உன்ன யாரு வூட்டுல சேப்பாங்க?”

நாலு மாதம் கழித்து, ஆனி மாதத்தில், நம் வீட்டிலேயே உங்கள் மூச்சு நின்றது. கடைசி வாரம் கம்பங்கூழ் மட்டும் இரண்டு வாய் குடித்தீர்கள்.

நீங்கள் பயந்தபடியேதான் நடந்தது. உங்களைக் குளிப்பாட்ட நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோதே, குழாயடியில் சரோஜா அதைச் சொன்னாள். இவளுக்கு வந்தது, ஒட்டி உறவாடினதால் அவளுக்கும் வந்தது, இவள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள், பாவம் அவள் போய்விட்டாள் என்று. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை என்பது ஒரு பக்கம். அவள் சொன்னதில் பாதியை நானே நம்பத் தொடங்கியிருந்தேன் என்பதுதான் உண்மை.

மாத்திரையை நிறுத்தினேன். பரிசோதனைக்குப் போகவில்லை. எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் எடுத்துத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்தேன். வீட்டுக்காரர் லாரியிலிருந்து வந்து கேட்டால் பல்வலி, தலைவலி என்று ஏதாவது சொன்னேன். வனிதா பிரசவித்து மூன்றாம் மாதம் குழந்தையோடு வந்தாள். பேத்தியைப் பார்க்காமலே போய்விட்டீர்கள், உங்களுடைய மூக்கு அப்படியே. என் மடியில் போட வந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதற்கு வம்பு, தொட்டிலில் போடு என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. உங்களுடைய கோபம், வேறு யாருக்கு வரும்? என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இந்தப் பேச்சு உங்களுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் எங்கம்மா வாய மூடிக்கிட்டு செத்தாங்க. இப்ப நீங்களே சொன்னா என்னாங்க சின்னம்மா அர்த்தம்?”

அப்புறம் அவளே தொட்டிலருகில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் அவளையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னாராம். தாய்க்கு இருந்ததால் மகள் கவனமாக இருக்க வேண்டுமாம். தனியாகப் போகப் பயம், புருஷனிடம் சொல்லவும் பயம், மாமியார் வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று அதையும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை மாதமாக என்று கேட்டேன். ஐந்து மாதம் என்றாள். அந்த ஐந்து என்ற சொல் என்னை எழுப்பியது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் மொத பஸ்ஸுக்குத் தயாராக இரு என்றேன்.

டாக்டரம்மா என்னைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தியதற்கு வாங்கிய திட்டை எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். எனக்கு ஸ்கேன் எடுத்தார், வனிதாவுக்கும் எடுத்தார். முடிவு வரும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சில்தான் நீங்களும் நானும் உட்காருவோம். குழந்தை என் தோளில் பால் கக்கியது. வனிதா என் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்றார். வனிதா வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எழுந்திருக்கும்போது நான் கேட்டேன். எனக்கும் அக்காவுக்கும் ரத்த சம்பந்தம்கூட இல்லையே, பிறகு எப்படி அவருக்கும் வந்தது என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். இது எத்தனையோ பெண்களுக்கு வருகிற நோய், ஒரே தெருவில் இரண்டு பேருக்கு வரும், ஒரே வீட்டில் இரண்டு மருமகள்களுக்கும் வரும், அதில் ஒருவரால் இன்னொருவருக்கு என்பது இல்லவே இல்லை. என்னைப் போல நீங்களும் நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது என்றார். அதுவரை என் மேல் கிடந்த பாரம் ஒன்று இறங்கியது. வேறு ஒன்று ஏறி உட்கார்ந்தது.

அன்று முதல் மாத்திரை தவறவில்லை. தனித்தட்டைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டேன். உங்களுக்கு என்ன நடந்தது, எவ்வளவு நாள் மறைத்தீர்கள் என்பதைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். என் இடது பக்கத்தைப் பற்றியும் சொன்னேன். முதல் வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு தெருவிலிருந்து நாலு பேரைச் சேலத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒருத்திக்கு இருந்தது, ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது தக்காளித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன வேலை என்று யோசிக்கிற பழக்கம் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. உங்கள் சாமந்தியையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். நீங்கள் பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது.

போன மாதம் சரோஜா வந்தாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மழையைப் பற்றிக் கேட்டாள், ஓசூரில் பையனுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் ரவிக்கை மேல் வைத்தாள்.

“அண்ணி, இங்க என்னமோ உருண்டையா இருக்குதுங்க.”

உண்மையைச் சொல்கிறேன். நீ யாருடைய இலையில் சாப்பிட்டாய் என்று கேட்க என் நாக்கு துடித்தது. அவளுடைய கை சில்லென்று இருந்தது. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன். பதினைந்து நாள் என்றாள். சொல்லும்போதே அழத் தொடங்கி, அன்று குழாயடியில் பேசியதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள்.

“அத பஸ்ஸுல பேசிக்கலாம். மொதல்ல போயி நல்ல சேலையா கட்டிட்டு வா.”

ஈரத்துணியை அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அவளுக்கு ஜன்னலோர சீட்டும் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு முறை போய்வந்து முடிவு தெரிந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. சரோஜா என்னைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஓவென்று அழுதாள். அவளைத் தட்டிக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன். அவளுக்காக இல்லை.

இப்போது யார் வந்து சொன்னாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று என் வாயில் வருவதில்லை. அது நீங்கள் கொடுத்தது, என்னோடு இருக்கிறது. உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. எனக்காகத்தான் பேசாமல் இருந்தீர்கள் என்று தெரிந்தும் அது போகவில்லை, போக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஊர் என்னை ஒதுக்கினால் ஒதுக்கிவிட்டுப் போகட்டும் அக்கா. நீங்கள் இருந்திருக்கலாம்.